இடைஞ்சல் இல்லாத மறியல்

உலகத்தில் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள், சண்டை வேண்டாம் என்று தெருவுக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், தெருவுக்கு வந்தவர்கள் ஒழுங்காகத்தான் வந்தார்களா என்று மேற்பார்வை பார்ப்பதற்கென்றே ஒரு மூன்றாவது இனம் பிறந்திருக்கிறது. சம்பளம் கிடையாது, விடுமுறை கிடையாது, ஆனாலும் சலிக்காமல் வேலை பார்க்கிற இனம். "நோக்கம் நல்லதுதான், ஆனால்..." என்று ஆரம்பிப்பார்கள். 'ஆனால்' வருகிற வரைக்கும் உங்கள் கட்சி. அதற்கப்புறம் சாலையின் கட்சி. இவர்களை நாம் மரியாதையாக ஆனாலார் என்று அழைப்போம்.

ஆனாலாரைக் கல் நெஞ்சுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். பாவம், இளகின மனசு. செய்தியில் குண்டு விழுந்த வீடுகளைக் காட்டினால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். கண் கலங்கும், நடிப்பில்லை. அடுத்த காட்சியில் நாலு பேர் போர் வேண்டாம் என்று தெருவில் உட்கார்ந்திருப்பதைக் காட்டினால் தட்டை மறுபடி இழுத்துக்கொண்டு, "இப்படி வழிய மறிச்சா யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்பார். பசி திரும்பிவிடும்.

எனக்குத் தெரிந்த ஆனாலார் ஒரு நாற்சந்தியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண்ணைச் சோதிக்க வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, கனமான சட்டத்தை மூக்கில் மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிச் சொருகி, "இது தெளிவா இருக்கா, இல்ல முன்னாடி போட்டது தெளிவா?" என்று நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பது அவர் தொழில். பதில் சொல்ல வேண்டியது எதிரே இருப்பவர் பாடு. இவர் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. இருபது வருஷமாக இந்தச் சௌகரியம் பழகிவிட்டது.

அவருக்கு ஓர் அக்கா. பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிற வேலை. எப்பேர்ப்பட்ட அவசரக்காரரையும் உட்காரவைத்துவிடுகிற கை. அந்த அக்காவின் ஒரே மகன் ராணுவத்தில் லாரி ஓட்டுகிறான். போர் தொடங்கியதும் அவனைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டார்கள். எப்போதாவது போன் வரும். வராத நாட்களில் அக்கா டோக்கன் எண்ணைத் தப்பாகக் கூப்பிடுவார். நம் ஆனாலாருக்கும் தூக்கம் கிடையாது. அவர் முதுகில் உப்பு மூட்டை ஏறி வளர்ந்த பிள்ளை அல்லவா? கல்லா மேசையில் போனை வைத்து, வில்லை மாற்றும்போதும் அதையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார்.

பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிய அம்மாக்கள் சேர்ந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதே நாற்சந்தியில் அரை மணி நேரம் உட்கார ஆரம்பித்தார்கள். பிள்ளைகளைத் திருப்பிக் கொண்டுவா, அவ்வளவுதான் கோரிக்கை. அக்கா கடைக்குள் வந்து, "நீயும் வாடா தம்பி, பக்கத்துல உக்காரு, எனக்குத் தெம்பா இருக்கும்" என்றார்.

"நோக்கம் நல்லதுதான் அக்கா. ஆனா ஆம்புலன்ஸ் வந்தா என்ன செய்வீங்க?"

நியாயமான கேள்விதானே? அக்காவும் அப்படித்தான் நினைத்தார். அடுத்த வாரம் ஓரமாக ஒரு வண்டி போகிற அளவுக்கு வழிவிட்டு, கயிறு கட்டி, காவலுக்கு இரண்டு பேரை நிறுத்தினார்கள். ஆனாலார் பார்த்தார். தலையாட்டினார். ஆனால் கோஷம் காதைக் கிழிக்கிறதே? கோஷத்தை நிறுத்தி, அட்டையை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆனால் ஆபீஸ் விட்டு வருகிற நேரமாச்சே, அவனவன் வீட்டுக்குப் போக வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை காலைக்கு மாற்றினார்கள். ஆனால் ரோட்டில்தான் உட்கார வேண்டும் என்று என்ன கட்டாயம், பூங்கா எதற்கு இருக்கிறது? "அங்க மாத்துங்க, முதல் ஆளா நான் வர்றேன்" என்று கண்ணாடி துடைக்கிற துணியை வைத்துக்கொண்டே வாக்குக் கொடுத்தார்.

அப்பாவி அம்மாக்கள் பூங்காவுக்குப் போனார்கள். வேலிச் செடிக்குப் பின்னால், யாருக்கும் எந்த இடைஞ்சலும் இல்லாத புல்தரையில், சத்தம் போடாமல் வட்டமாக உட்கார்ந்தார்கள். நடக்க வந்த ஒரு பெண்மணி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "மூச்சுப் பயிற்சியா? மாசத்துக்கு எவ்வளவு வாங்கறீங்க?" என்று விசாரித்தார். ஆனாலார் வாக்குத் தவறவில்லை, வந்தார். வாசற்படியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏன் அக்கா, இங்க உக்காந்தா யாருக்குத் தெரியும்? இதனால என்ன பிரயோஜனம்?"

அக்கா எழுந்தே விட்டார். "டேய், ரோட்டுல உக்காந்தா இடைஞ்சல்ங்கற. பூங்காவுல உக்காந்தா பிரயோஜனம் இல்லைங்கற. எங்கதான்டா உக்காரட்டும், உன் தலையிலயா?"

"கோபப்படாத. நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

கவனித்தீர்களா? ஆனாலார் சொல்வது எப்போதுமே உங்கள் நல்லதுக்குத்தான். அவர் நல்லதுக்காக அவர் ஒன்றுமே செய்துகொள்வதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மாக்கள் பழையபடி நாற்சந்திக்கே வந்துவிட்டார்கள், கோஷத்தோடு. அன்றைக்கு நான் கண் சோதிக்கப் போயிருந்தேன். ஆனாலார் என் மூக்கில் சட்டத்தை மாட்டிவிட்டு, வெளியே நடப்பதைக் கண்ணாடிக் கதவு வழியாகக் காட்டிக் காட்டிப் புலம்பினார். "பாருங்க சார், அந்த பஸ்ல எத்தனை பேரு! இவங்க பண்ற வேலையில நாளைக்குப் போர் வேணும்னே நாலு பேரு கிளம்பிடுவாங்க." அவர் சொன்னதில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பஸ் ஜன்னலில் தெரிந்த முகங்களில் அன்பு ஒன்றும் வழியவில்லை.

அப்போது போன் அடித்தது. அக்கா மகன்!

"மாமா, அம்மா போன எடுக்க மாட்டேங்கறாங்க. பக்கத்துல இருந்தா குடுங்க மாமா. எங்கள இன்னும் முன்னாடி அனுப்பறாங்க. அங்க போனா பேச முடியாதாம்."

என்னை ஒரு கண் மூடியபடி அப்படியே விட்டுவிட்டு ஆனாலார் தெருவுக்கு ஓடினார். மூக்கில் சட்டத்தோடு நானும் வாசலுக்கு வந்தேன். அரை மணி நேரம் முடிந்து அம்மாக்கள் எழுந்து ஓரம் போய்க்கொண்டிருந்த நேரம். போலீஸ்காரர் விசில் ஊதிவிட்டார். தேங்கி நின்ற வண்டிகளெல்லாம் ஒரே நேரத்தில் உறுமி, ஹார்ன் அடித்துக்கொண்டு நகர ஆரம்பித்தன. ஆனாலார் போனை அக்கா கையில் திணித்தார்; அக்கா காதில் வைத்து, "கண்ணு, கேக்கலையேடா, கேக்கலையே" என்று அழ ஆரம்பித்தார்.

ஆனாலார் என்ன செய்தார் தெரியுமா? நேரே நடுச்சாலைக்குப் போய், ஒரு லாரிக்கு முன்னால், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். கயிறு இல்லை, ஆம்புலன்சுக்கு வழி இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. "வண்டிய நிறுத்து! ஒருத்தரும் ஹார்ன் அடிக்கக் கூடாது! தாயும் பிள்ளையும் பேசறாங்க!" என்று அவர் போட்ட சத்தம், அம்மாக்கள் அத்தனை பேரும் சேர்ந்து போட்ட கோஷத்தைவிடப் பெரியது. லாரிக்காரர் என்ஜினை அணைத்தார். பின்னால் பஸ்காரரும் அணைத்தார். விசில் ஊதியவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். நாற்சந்தி முழுக்க நிசப்தம். "சாப்பிட்டியாடா?" என்று அக்கா கேட்பது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அந்தப் பையன் என்ன சொன்னானோ, அக்கா "சரி கண்ணு, சரி கண்ணு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தோடு போர் நின்றதா? நிற்கவில்லை. பையன் முன்னால்தான் போயிருக்கிறான், இன்னும் போன் இல்லை.

மறுநாள் பாதியில் விட்ட சோதனையை முடிக்கப் போனேன். அக்காவும் அங்கே இருந்தார். "நேத்து ரோட்ட அப்படி மறிச்சீங்களே சார்?" என்று மெல்லக் கிளறினேன்.

"அது வேற சார்," என்றார் ஆனாலார், கொஞ்சமும் தடுமாறாமல். "அது அவசரம்."

அக்கா தம்பியையே பார்த்தார். "எனக்கு தினமும் அவசரம்தான்டா," என்றார். சத்தமே போடவில்லை.

ஆனாலார் என் மூக்குச் சட்டத்தில் ஒரு வில்லையைச் சொருகினார், எடுத்தார், மறுபடி அதையே சொருகினார். எது தெளிவு என்று கேட்கவே மறந்துபோனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் போய் உட்கார்ந்தாரா என்றுதானே கேட்கிறீர்கள்? கடையை அரை மணி நேரம் சாத்தினார். தெருவுக்கும் வந்தார். சாலையில் ஒரு காலும் நடைபாதையில் ஒரு காலுமாக நின்றார். நீங்கள் சிரிக்கலாம், நானும் சிரித்தேன், எதிர்க்கடை நிழலில் வசதியாக நின்றுகொண்டு. அக்காவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காருகிற இடம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. இந்த வெள்ளிக்கிழமை நீங்கள் வருகிறீர்களா?

என்ன, நேரம் தோதுப்படாதா? அதானே பார்த்தேன்.