நாற்பத்தைந்து மைலில் ஒரு நடுக்கம்

இந்த வீட்டில் காரைப் பற்றிய முடிவை இனிமேல் நான்தான் எடுப்பேன் என்று ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை முடிவு செய்தேன். முடிவு எடுப்பதற்கே தனியாக ஒரு முடிவு எடுக்க வேண்டிய நிலையில் இருக்கும் கணவன்மார்களுக்கு இது புரியும்.

கார் நடுங்கிக்கொண்டிருந்தது. எப்போதும் இல்லை. நின்றால் நடுங்காது, வேகமாகப் போனாலும் நடுங்காது. நாற்பத்தைந்து மைல் வேகத்தில், ஆக்ஸிலேட்டரில் காலை லேசாக வைத்துச் சீராக ஓட்டும்போது மட்டும், பனிக்காலத்தில் ஆற்றில் இறங்கியவன் மாதிரி ஓர் உதறல் உதறும். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி போகும். எங்கள் கெர்னி ஊரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ரோடு கோடு போட்ட மாதிரி இருக்கும். குழியில் இறங்கிவிட்டது என்று சமாளிக்கக்கூட வழியில்லை.

என் பெயர் லீலண்ட் குச்செரா. ஆலங்கட்டி மழையில் அடிபட்ட கார்களைப் பார்த்து நஷ்டம் மதிப்பிடுகிற இன்சூரன்ஸ் வேலை. அதனால் காரின் வெளிப்பக்கம் முழுவதும் எனக்குத் தெரியும். உள்பக்கம் கடவுளுக்குத் தெரியும்.

என் மனைவி மார்லிஸுக்கும் தெரியும் என்பதுதான் சிக்கல். அவள் கால்நடை மருத்துவமனையில் வேலை செய்கிறாள். மாட்டுச் சாணியிலிருந்து முயல் மூத்திரம் வரை பார்த்துப் பழகிய கண். அன்று சாயங்காலம் கார் மூடியைத் திறந்து, கியர் ஆயிலின் அளவுக் கம்பியை உருவி, வெள்ளைக் காகிதத்தில் துடைத்து, மூக்கருகில் வைத்து முகர்ந்தாள்.

"சிவப்பா இருக்கணும். பழுப்பாயிடுச்சு. ஆனா கருகின வாசனை இல்ல, இரும்புத் தூளும் இல்ல. ஆயில்தான் களைச்சுப் போயிருக்கு. மாத்தினா நடுக்கம் நின்னுடும்."

"நின்னுடும்னு எழுதித் தருவியா?"

"நிக்கலாம். நிக்கலன்னா உள்ளதான் தேய்ஞ்சிருக்கு, அப்ப யோசிக்கலாம். முதல்ல சின்ன வைத்தியம். கட்டி வந்த நாயை நேரா ஆபரேஷன் மேஜையில போடுவாங்களா?"

"இது நாய் இல்ல, மார்லிஸ்."

"நாயா இருந்தா நீ இவ்வளவு நாள் விட்டிருக்க மாட்ட."

உண்மை என்னவென்றால் நடுக்கம் நிற்பதில் எனக்கு விருப்பமே இல்லை. பக்கத்து வீட்டு டுவேன் தன் பிக்கப் வண்டியை விற்கப் போகிறான். நீல நிறம். பின்னால் ஒரு கன்றுக்குட்டி காலை நீட்டிப் படுக்கலாம். எங்களிடம் கன்றுக்குட்டி கிடையாது. இருந்தால் படுக்கலாம் என்ற நினைப்பே ஓர் ஆண்மகனுக்குப் போதும். ஆனால் ஓடுகிற கார் வாசலில் நிற்கும்போது மார்லிஸ் இன்னொரு வண்டி வாங்க ஒத்துக்கொள்ள மாட்டாள். ஆகவே கார் ஓடக்கூடாது. குறைந்தபட்சம் ஒழுங்காக ஓடக்கூடாது.

டுவேன் தீவனக் கடையில் வேலை பார்க்கிறான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எனக்கு யோசனை சொல்வது அவனுடைய இரண்டாவது வேலை.

"ஆயிலை மட்டும் மாத்த விட்டுடாதப்பா," என்றான். "பழைய ஆயில்தான் உள்ள இருக்கற தேய்மானத்தை எல்லாம் ஒட்டி வச்சிருக்கு. புதுசு ஊத்தினா எல்லாம் கழண்டு வந்துடும். பழைய கல்யாணம் மாதிரி அது. உள்ள பூந்து சுத்தம் பண்ணக் கூடாது."

இரண்டு தடவை உள்ளே புகுந்து சுத்தம் பண்ணி, இரண்டு கல்யாணத்தையும் இழந்தவன். அனுபவஸ்தன் பேச்சைத் தட்டக்கூடாது. வீட்டுக்குள் போய் அதையே என் சொந்தக் கருத்தாகச் சொன்னேன்.

"டுவேன் சொன்னானா?" என்றாள் மார்லிஸ்.

"பொதுவா எல்லாரும் சொல்றாங்க."

"பொதுவா எல்லாரும் பிக்கப் விக்கறாங்களா?"

சில்லி என்கிற காரமான கறிக்குழம்பில் லவங்கப்பட்டை ரொட்டியை முக்கி வாயை அடைத்துக்கொண்டேன். "ஞாயித்துக்கிழமை நீயே வந்து உக்காந்து பாரு. அது எப்படி உதறுதுன்னு தெரிஞ்சா நீயே பயந்துடுவ. அது வரைக்கும் ஆயில் பேச்சு வேண்டாம். இது என் முடிவு," என்றேன்.

"சரி," என்றாள். அவள் சரி என்று சொன்னால் நான் கொஞ்சம் பயப்பட்டிருக்க வேண்டும். வெற்றி மயக்கத்தில் இருந்ததால் தோன்றவில்லை.

மறுநாள் மேற்கே பெரிய ஆலங்கட்டி மழை. ஆபீஸ் காரை எடுத்துக்கொண்டு ஓகலாலாவுக்குப் போனேன். அந்த வாரம் முழுக்க அங்கேதான். ஊரே அம்மை வார்த்த முகம் மாதிரி இருந்தது. சனிக்கிழமைதான் திரும்பினேன்.

ஞாயிறு சர்ச் முடிந்ததும் கிளம்பினோம். நான் ஸ்டியரிங்கில், மார்லிஸ் என் பக்கத்தில், டுவேன் பின் சீட்டில். டுவேனை நிபுணர் என்ற முறையில் அழைத்திருந்தேன். லெக்சிங்டன் ரோட்டுக்கு வந்ததும் வேகத்தை நாற்பத்தைந்தில் நிறுத்தி, காலை லேசாக வைத்தேன்.

"இப்ப பாரு," என்றேன்.

ஒன்றும் நடக்கவில்லை. கார் வழுக்கிக்கொண்டு போனது. நாற்பத்து நாலு, நாற்பத்தாறு, மறுபடி நாற்பத்தைந்து. என்ன செய்தாலும் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி போகிறது.

"எதைப் பாக்கணும்?" என்றாள் மார்லிஸ்.

"வரும். அவசரப்படாத."

சோளக் காடுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. கண்ணாடியில் டுவேன் முகம் தெரிந்தது. வண்டி விலை போகாமல் நின்றுவிட்ட வியாபாரியின் முகம். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வலது காலின் கட்டைவிரலை மட்டும் ஆக்ஸிலேட்டரில் டக் டக் டக்கென்று தட்டினேன். கார் முன்னும் பின்னும் குலுங்கியது. அசலைவிட நன்றாகவே இருந்தது.

"பாத்தியா?" என்றேன்.

"அடேங்கப்பா," என்றான் டுவேன். "இங்க என் பல்லு ஆடுது. மார்லிஸ், இந்த வண்டியில இனிமே ஏறாதம்மா."

மார்லிஸ் ரோட்டைப் பார்க்கவில்லை. தலையைக் கொஞ்சம் குனிந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். கையை மடியில் கட்டிக்கொண்டு, கன்று போடப் போகிற பசுவைக் கவனிக்கிற மாதிரி பொறுமையாக.

"இன்னொரு தடவை வருமா?" என்றாள்.

வந்தது. கேட்டதும் வந்தது. மூன்றாவது தடவை கேட்டதற்கும் வந்தது.

"ஓரமா நிறுத்து லீலண்ட்," என்றாள் மெதுவாக. "நான் ஓட்டறேன்."

இடம் மாறினோம். அவள் நாற்பத்தைந்தில் ஓட்டினாள். உதறல் இல்லை. ஐம்பதுக்குப் போய்த் திரும்பி வந்தாள். ஒரு சின்ன முனகல்கூட இல்லை. பின் சீட்டில் நிபுணர் ஜன்னல் வழியாக மாடுகளை எண்ண ஆரம்பித்துவிட்டார்.

"புதன்கிழமை கியர் ஆயில் மாத்திட்டேன்," என்றாள் மார்லிஸ். "அன்னிக்கே லெக்சிங்டன் வரைக்கும் போய் வந்தேன். சுத்தமா நின்னுடுச்சு."

"அது... திரும்ப வந்திருக்கலாம்," என்றேன்.

"நான் ஓட்டினா வரலையே. நீ ஓட்டினாதான் வருது. கார் மேல தப்பில்ல. நான் பாத்துக்கிட்டே இருந்தேன், உன் வலது கால் நடுங்குது."

கார் அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. என் நிலைமையை நீங்கள் யோசித்துப் பாருங்கள். கால் நடுங்கவில்லை என்றால், வேண்டுமென்றே தட்டினேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். வேண்டுமென்று தட்டவில்லை என்றால், கால் நடுங்குகிறது.

"கொஞ்ச நாளா அப்படித்தான் இருக்கு," என்றேன்.

"எவ்வளவு நாளா?"

"கொஞ்ச நாளா."

"பாவம். சொல்லவே இல்லையே. டுவேன், உனக்குத் தெரியுமா?"

"எனக்கு எதுவும் தெரியாதும்மா," என்றான் டுவேன். அன்று அவன் பேசிய முதல் உண்மை.

"டாக்டர் பாத்து சரின்னு சொல்ற வரைக்கும் நீ ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது," என்றாள் மார்லிஸ். அப்புறம் கண்ணாடியில் டுவேனைப் பார்த்துச் சிரித்தாள். "காருக்கு எண்ணெய் மாத்தியாச்சு. சில பேருக்கு எண்ணத்தை மாத்தறதுதான் கஷ்டம்."

அடுத்த வாரம் டாக்டர் என் முழங்காலில் ஒரு சின்ன சுத்தியலால் தட்டினார். கால் எங்கே உதைக்க வேண்டுமோ அங்கே உதைத்தது. மார்லிஸ் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நடுக்கம் எப்போது வந்தது, எந்த விரலில் ஆரம்பித்தது என்று விவரமாகச் சொன்னாள். டாக்டர் ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தேன். அதற்கும் கல்யாணமாகியிருக்கும் என்று தோன்றியது.

"நரம்புல ஒரு குறையும் இல்ல," என்றார் டாக்டர். "காபியைக் குறைங்க. தினமும் நடங்க."

"இவருக்கு ஆபீஸ் பக்கத்துலதான் டாக்டர்," என்றாள் மார்லிஸ். "நடந்தே போயிடுவார்."

காரை என்ன செய்வது என்ற கேள்விக்கும் அவளே பதில் வைத்திருந்தாள். எங்கள் பெண் கர்ஸ்டின் லிங்கன் நகரத்தில் நர்ஸாக இருக்கிறாள். பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள். இவ்வளவு சீராக ஓடுகிற கார் அவளுக்குப் பிரயோஜனமாக இருக்கும். மார்லிஸே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

"அப்ப நமக்கு?" என்றேன். ஆசை விடவில்லை.

"டுவேன்கிட்ட பேசிட்டேன். பிக்கப்பை எனக்குக் குடுத்துட்டான். கிளினிக்குக்குத் தீவன மூட்டை ஏத்தவும் வசதி. ஞாயித்துக்கிழமையிலேருந்து அவன் என் முகத்தைப் பாக்கவே கூச்சப்படறான், பேரம் பேசவே இல்ல."

"நான் எப்ப ஓட்டலாம்?"

"கால் முழுசா சரியாகட்டும்."

முழுசாகச் சரியாகிவிட்டதை எப்படி நிரூபிப்பது என்று தெரியவில்லை. இல்லாத வியாதி குணமானதற்கு எந்த டாக்டரும் சீட்டு தருவதில்லை.

இப்போது நான் தினமும் காலையில் ஆபீஸுக்கு நடக்கிறேன். வெயில் சீக்கிரமே ஏறிவிடுகிறது. இன்று பாதி வழியில் பின்னால் ஹாரன் கேட்டுத் திரும்பினேன். நீல பிக்கப் என்னைத் தாண்டிப் போனது. மார்லிஸ் கை காட்டினாள். பக்கத்து சீட்டில், வண்டியை விற்றுவிட்டதால் வேலைக்குப் போக வழியில்லாத டுவேன் உட்கார்ந்திருந்தான்.