மூட்டையைத் தொட்ட கை

கீரனூர்,
செவ்வாய்க்கிழமை, காலை.

மரியாதைக்குரிய மச்சான் செல்லமுத்து அவர்களுக்கு,

கீரனூரிலிருந்து தங்கள் தங்கையின் கணவன் ரெங்கராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. திருவரங்குளத்தில் தாங்களும் அக்காவும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலமாக இல்லை. தங்கள் தங்கை சொர்ணவல்லி மிக மிக நலமாக இருக்கிறாள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது எதற்கு லெட்டர் என்று தாங்கள் கேட்கலாம். தாங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டு, பிரசாதத் தட்டை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு, வாசலில் நின்று பேசுகிறவர். நான் சொல்வது கடைத்தெரு வரைக்கும் கேட்கும். அங்கேயிருந்து பஸ் ஏறி கீரனூருக்கு வந்து அவள் காதில் விழும். அதனால்தான் முப்பத்திரண்டு வருஷம் டிக்கெட் கிழித்த கையால் பேனா பிடித்திருக்கிறேன். அவள் ஜிம்முக்குப் போயிருக்கிறாள், எட்டு மணிக்குத்தான் வருவாள். அதற்குள் எழுதி ஒட்டிவிட வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இத்தனைக்கும் காரணம் தாங்கள்தான். போன பொங்கலுக்கு உங்கள் வீட்டில் இலை போட்டு உட்கார்ந்திருந்தபோது, சொந்தக்காரர்கள் இருபது பேருக்கு நடுவில், "மாப்ள, ஒங்க வயிறு மொதல்ல வருது, நீங்க பின்னாடி வாறீங்க" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். சொர்ணவல்லி ரொம்ப நேரம் சிரித்தாள். டாக்டரும் சர்க்கரையைப் பார்த்துவிட்டு நடங்க, ஓடுங்க என்று சொல்லிக்கொண்டே இருந்ததால், ரோஷத்தில் போய் இங்கே ஹார்டுவேர் கடை மாடியில் இருக்கிற ஜிம்மில் சேர்ந்தேன். ஜிம்மை நடத்துகிறவன் பெயர் ஷாகிர். ஏழு வருஷம் துபாயில் ஏதோ ஹோட்டல் ஜிம்மில் வேலை பார்த்துவிட்டு வந்த பிள்ளை, மரியாதையான பிள்ளை, ஆனால் இரக்கம் கிடையாது. முட்டையில் வெள்ளையை மட்டும் சாப்பிடு என்றான், சோற்றை மற என்றான், தரையில் குப்புறக் கிடந்து முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி வைத்துக்கொள் என்றான். பிளாங்க் என்று அதற்குப் பெயர். நான் இருபத்திரண்டு விநாடி பலகையாக இருந்தேன், அதற்குப் பிறகு பாயாகிவிட்டேன்.

அப்படியே போயிருந்தால்கூடப் பரவாயில்லை மச்சான். திருச்சியில் ஜிம்களுக்கு இடையில் நால்வர் அணிப் போட்டி ஒன்று வருகிறது என்று நோட்டீஸ் வந்தது. நாலு பேரும் சேர்ந்து பயிற்சி செய்ய வேண்டும், சேர்ந்து போட்டியிட வேண்டும், அதில் ஒருவர் ஐம்பது வயதைத் தாண்டியவராக இருந்தே ஆக வேண்டும். ஷாகிர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நம்ம ஜிம்முலயே ஐம்பது தாண்டுன ஒரே ஆளு நீங்கதான். நீங்க இல்லாட்டி டீமே இல்லண்ணே" என்றான். ரிட்டயரான நாளிலிருந்து என்னைப் பார்த்து யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வீட்டில் நான் இல்லாவிட்டால் டீவி சத்தம் குறையும், அவ்வளவுதான். அதனால் ஷாகிர், செல்போன் கடை வசந்தகுமார், ஆஸ்பத்திரி நர்ஸ் ஷர்லி, நான் என்று நாலு பேர் பெயரைக் கொடுத்தோம். விடியற்காலையில் குன்றாண்டார்கோவில் ரோட்டில் ஓடினோம். அவர்கள் ஓடினார்கள், நான் அதே ரோட்டில் இருந்தேன். வழியில் போகிற பஸ் டிரைவர் எல்லாம் எனக்குத் தெரிந்தவர்கள், ஒவ்வொருத்தனும் வண்டியை ஸ்லோ பண்ணி "என்னண்ணே, பஸ்ஸ விட்டுட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தச் சனியன் பிடித்த சிலிண்டர் வந்தது. ஒருநாள் இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று நான் பயிற்சிக்குப் போகவில்லை. என்னைப் பார்க்க ஷாகிர் வீட்டுக்கு வந்தான். நான் மாடியில் நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சிலிண்டர் போடுகிறவன் வழக்கம்போல கேட் ஓரமே இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டான். சொர்ணவல்லி கீழே போனாள், சேலையைச் செருகினாள், சிலிண்டரை இடுப்பில் ஏற்றினாள், எங்கள் வீட்டுப் பதினோரு படியையும் நிற்காமல் ஏறி வந்து அடுப்படியில் வைத்துவிட்டு, "வாங்க தம்பி, காப்பி குடிக்கிறீங்களா?" என்று மூச்சு வாங்காமல் கேட்டாள். ஷாகிர் காப்பியை மறந்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, முழு சிலிண்டர் முப்பது கிலோண்ணே. அக்கா எத்தன வருஷமா இத தூக்குறாங்க?" என்றான். "கேஸ் கனெக்‌ஷன் வந்ததுலேர்ந்து" என்றேன், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். "அக்காவுக்கு வயசு?" என்றான். ஐம்பத்து நாலு என்று நானே சொன்னேன் மச்சான். என் வாயாலேயே சொன்னேன்.

ஷாகிர் அன்றைக்கே அவளையும் ஜிம்முக்குக் கூப்பிட்டான், மறுநாளே சுடிதார் மேல் துப்பட்டாவை இறுக்கி முடிந்துகொண்டு கிளம்பிவிட்டாள். "போயிட்டு வா, ரெண்டு நாள்ல முதுகு புடிச்சுக்கும்" என்று நான்தான் சிரித்து அனுப்பினேன். பிளாங்க் போடச் சொன்னார்கள். குப்புறக் கிடந்தபடியே ஷர்லியிடம் மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று விளக்கிச் சொல்லி முடித்துவிட்டு, "இன்னும் எவ்வளவு நேரம் தம்பி இப்படியே கெடக்கணும்?" என்றாளாம். எனக்குச் சோறு கிடையாது என்ற அதே ஷாகிர் அவளிடம், "அக்கா, நீங்க இப்ப என்ன சாப்புடுறீங்களோ அதையே சாப்புடுங்க, எதையும் மாத்திராதீங்க" என்றான். ஒரே வாரத்தில் டீமில் என் பெயரை அடித்து அவள் பெயரை எழுதிவிட்டார்கள். என்னைத் துணை வீரர் என்றார்கள். துணை வீரர் என்றால் தண்ணீர் பாட்டிலும் துண்டும் பிடித்துக்கொண்டு, நேரம் பார்த்து விசில் ஊதுகிறவர். முப்பத்திரண்டு வருஷம் என் விசிலுக்கு பஸ் கிளம்பிப் போனது. இப்போது என் விசிலுக்கு என் பொண்டாட்டி குந்தி எழுந்தாள். அவள் என் பேச்சுக்குக் கட்டுப்பட்டது அந்த ரெண்டு மாசம்தான், அதுவும் விசிலுக்குத்தான். வயிற்றெரிச்சலாக இருந்தது மச்சான், மறைத்து என்ன ஆகப் போகிறது. ஐம்பது தாண்டிய ஒரே ஆள் என்ற பெருமையைக்கூட என் வீட்டுக்குள்ளேயே பறிகொடுத்துவிட்டேன்.

போட்டி போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு, திருச்சியில் ஒரு மைதானத்தில் நடந்தது. நாலு பேருக்கும் பச்சை டிசர்ட், முதுகில் அவரவர் பெயர். அவளுக்கு சொர்ணவல்லி என்று முழுசாகப் போட்டிருந்தது. இந்த ஊரில் அவளுக்குக் கண்டக்டரம்மா என்றுதான் பெயர், ரேஷன் கடையில்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். டிசர்ட்டை மடியில் விரித்து வைத்து, எழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். என் டிசர்ட்டில் உதவி என்று மட்டும் போட்டிருந்தார்கள். கயிறு தாண்டுவது, குதித்து விழுந்து எழுவது, டயரைப் புரட்டுவது எல்லாம் முடிந்தபோது பதினாறு டீமில் நம்ம டீம்தான் முதல். கடைசியாக மூட்டை. முப்பது கிலோ மணல் மூட்டையைத் தரையிலிருந்து தனியாகத் தூக்கித் தோளில் வைத்து, மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்ப வேண்டும். மூட்டையையோ தூக்குகிறவரையோ வேறு யார் தொட்டாலும் டீம் அவுட் என்று மைக்கில் மூன்று தடவை சொன்னார்கள். அதை ஐம்பது தாண்டியவர்தான் செய்ய வேண்டும். இவள் மூட்டையை என்னமோ தலையணை மாதிரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்த் திரும்பிவிட்டாள். அடுத்த டீம்காரர் அப்போதுதான் குனிந்துகொண்டிருந்தார்.

கோட்டுக்குப் பத்தடி இருக்கும்போது மூட்டை கொஞ்சம் வழுக்கி இடுப்புக்கு இறங்கியது. அவள் நின்றாள். மூட்டையை ஒரு எக்கு எக்கி மேலே ஏற்றுவதற்காகத்தான் நின்றாள். அதற்குள் எவனோ ஒரு கிறுக்கன் எல்லைக் கயிற்றைத் தாண்டி உள்ளே ஓடிப் போய், மூட்டைக்கு அடியில் கையைக் கொடுத்து, "ஏத்து, ஏத்து" என்று தூக்கிவிட்டுவிட்டான். விசில் அடித்துவிட்டார்கள். டீம் அவுட். அந்த ஆளைக் குற்றம் சொல்லியும் பிரயோஜனம் இல்லை மச்சான், நம்ம பக்கத்தில் ஒரு பொம்பளை தலைச்சுமையோடு தடுமாறினால் போகிறவன் வருகிறவன் எல்லாம் ஒரு கை தூக்கிவிட்டுத்தானே போவான்? பழக்கதோஷம். பார்த்தால் நல்ல குடும்பத்து ஆள் மாதிரித்தான் இருந்தான். கயிற்றை இன்னும் உயரமாகக் கட்டாதது கமிட்டிக்காரன் தப்பு. மூட்டையை வழுக்குகிற துணியில் தைத்ததும் அவன் தப்புதான்.

ஷாகிர் அங்கேயே தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். ஷர்லி லீவு போட்டு வந்தது வீணாகப் போனது என்று அழுதாள். வசந்தகுமார் இன்றைக்கு வரைக்கும் என்னைப் பார்த்தால் கடைக்குள்ளே போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுகிறான். என்னைப் பார்த்து எதற்கு என்று எனக்கும் தெரியவில்லை. தங்கள் தங்கை ஒன்பது நாளாக என்னோடு பேசவில்லை. தட்டு வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள், மாத்திரையை எடுத்து வைக்கிறாள், பேச்சு மட்டும் கிடையாது. பாலா மோரா என்பதைக்கூட டம்ளரை எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எவனோ செய்ததற்கு நான் என்ன செய்ய முடியும்? இது எல்லாம் உங்கள் வீட்டு வளர்ப்பு. சின்ன வயதில் அவளுக்கு இத்தனை சோறு போட்டு இப்படி வளர்த்திருக்கக் கூடாது.

ஆகையால் தாங்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை அவசியம் கிளம்பி வந்து, ஐம்பத்து நாலு வயதில் மூட்டை தூக்குகிற வேலை குடும்பத்துக்கு ஆகாது, ஜிம்மை விடு, கட்டினவனோடு பேசு என்று தங்கைக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். அண்ணன் சொன்னால் கேட்பாள். பேச்சில்லாத வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை மச்சான், எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அக்காவுக்கு என் வணக்கம். அவர்களை எந்த ஜிம் பக்கமும் போகவிடாமல் பார்த்துக்கொள்ளவும். பேரப்பிள்ளைகள் நோய் நொடியில்லாமல் வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
ரெ. ரெங்கராஜ்,
நடத்துநர் (ஓய்வு).

பின்குறிப்பு: மேலே எவனோ ஒரு கிறுக்கன் என்று எழுதியிருக்கிறேனே, அது நான்தான். அவள் நின்றபோது சட்டென்று இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள் மச்சான். என்னைத்தான் தேடுகிறாள் என்று நினைத்து ஓடிவிட்டேன். கோடு எங்கே இருக்கிறது என்றுதான் பார்த்தாளாம், ஷர்லி பிறகு சொன்னாள். அன்றைக்குத் திரும்பி வருகிற பஸ்ஸில், கீரனூர் ஸ்டாப்பிங் வரப்போகிற நேரத்தில், ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். "பஸ்ஸுல ஊரான் பொண்டாட்டி கூடையெல்லாம் ஏத்தி விட்டீங்க. முப்பத்தோரு வருசத்துல எனக்கு ஒரு கொடத்துக்கு, ஒரு சிலிண்டருக்கு இந்தக் கை வரல. தொடக்கூடாதுன்னு சட்டம் போட்ட அன்னிக்குத்தான் வருமா?" என்றாள். அதோடு சரி. மெடலுக்காகக் கோபம் என்றால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். பஸ்ஸில் கூடை ஏற்றிவிட்டது வண்டி டயத்துக்குக் கிளம்ப வேண்டும் என்பதற்காக. அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன், சொன்னால் இன்னும் கேவலம் என்று மூடிக்கொண்டேன்.

இந்தக் கடிதத்தை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது கீழே சிலிண்டர் வந்து இறங்கியது. அவள் வருவதற்குள் தூக்கி வைத்துவிடலாம் என்று நானே போய்த் தூக்கினேன். ஏழாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். எட்டு மணிக்கு அவள் ஜிம்மிலிருந்து வந்து, கீழ்ப்படியில் நின்று கையைக் கட்டிக்கொண்டு என்னையும் சிலிண்டரையும் பார்த்தாள். ஒன்பது நாளுக்குப் பிறகு பேசினாள். "தூக்குங்க. நான் தொட மாட்டேன். தொட்டா அவுட்டு."

பேனாவும் கடிதமும் சட்டைப் பையிலேயே இருந்ததால் இதை அந்தப் படியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இன்னும் நாலு படி இருக்கிறது. அவள் போகவில்லை, நின்றுகொண்டுதான் இருக்கிறாள். தாங்கள் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். வந்தால் மனசு கேட்காமல் எனக்கு ஒரு கை கொடுத்துவிடுவீர்கள்.