வணக்கம் சொல்லாமல் வந்த பெட்டி

கொனொங்கோ,
செவ்வாய்க்கிழமை.

தேமாவில் இருக்கும் அப்பியா மாமா அவர்களுக்கு, துஃபி மிகுந்த மரியாதையுடன் எழுதுவது. நீங்களும் அத்தையும் பிள்ளைகளும் சுகமா? உங்கள் முழங்கால் வலி இப்போது தேவலையா? இங்கே சித்தி நலம், நானும் நலம். கம்ப்யூட்டருக்கு மட்டும் போன வாரம் உடம்பு சரியில்லாமல் போய், புதன்கிழமை எழுந்து உட்கார்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனில் வழக்கம்போல எடுத்த எடுப்பிலேயே விஷயத்துக்கு வந்து சொன்னதை, சித்தி ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். மாதக் கடைசியில் கம்ப்யூட்டர் தேமாவுக்குத் திரும்ப வேண்டும், நான் பஸ் நிலையத்தில் எஸி அக்காவின் சாப்பாட்டுக் கடைக்குப் போக வேண்டும் என்றீர்கள். அங்கே வாசலில் நின்று, ஃபுஃபு சூடாக இருக்கிறது என்று வருகிற பஸ்ஸையெல்லாம் கூப்பிட வேண்டும். நான் ஏன் பள்ளியை விட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். எழுந்து நின்று சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். சித்தியின் இந்தக் கடையில் நான் வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து இரங்கல் சுவரொட்டி செய்கிறேன். முதுகைக் காட்டிச் செய்யக்கூடிய வேலை கொனொங்கோவில் வேறு இல்லை. அதனால் நடந்ததை முழுவதும் சொல்லிவிடுகிறேன். போனில் பேச எனக்கு வராது என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன்.

போன வாரம் திங்கட்கிழமை, லாரி ஓட்டுநர் ஓபெங் ஐயாவின் சுவரொட்டிக்காக அவர் குடும்பத்தார் பதினோரு பேர் வந்தார்கள். சனிக்கிழமை அடக்கம். மாதிரிக்கு ஒன்று அச்சடித்துக் கொடுத்தேன். அதை அவர் மருமகன் ஆசையாக வாங்கிப் போய் பஸ் நிலையச் சுவரில் ஒட்டியும் விட்டார். ஓபெங் ஐயாவுக்கு இருந்தது ஒரே ஒரு புகைப்படம், லாரியோடு நிற்பது. நான் அதை ஸ்கேன் செய்து முடித்த நிமிடமே இரண்டு மனைவிகளும் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் அது முகத்தின் வழியாகக் கிழிந்துவிட்டது. ஆகவே ஓபெங் ஐயா இனி கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான் இருந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் மாமா.

பின்னணியில் வெறும் மேகம் இருந்தது குடும்பத் தலைவர் ஆமோவா ஐயாவுக்குப் பிடிக்கவில்லை. "ஐம்பது வருஷம் லாரி ஓட்டுன மனுஷன். மேகத்துல ரோடு இல்லாம எப்படிம்மா போவாரு?" என்றார். நான் மேகத்தில் சாலை போகிற படம் ஒன்றை இன்டர்நெட்டில் தேடினேன். ஒரு பக்கத்தைத் திறந்ததும் நடுவில் பெட்டி ஒன்று வந்து நின்றது. உங்கள் பிரவுசர் மிகவும் பழையது, ஐந்து நிமிடத்துக்குள் அப்டேட் செய்யாவிட்டால் எல்லாம் அழியும் என்றது. சிவப்புக் கடிகாரம் ஒன்று பின்னோக்கி ஓடியது.

நான் உடனே அமுக்கவில்லை. பதினோரு பேர் பின்னால் நின்றதால் என்னால் எதையும் அமுக்க முடியவில்லை. என்னம்மா சொல்லுது என்று ஆமோவா ஐயா கேட்டார். நான் திரையை அவர் பக்கம் திருப்பியதும் அவரே உரக்கப் படித்தார். பிறகு குடும்பம் உட்கார்ந்து பேசியது.

"பழசா இருந்தா மாத்திக்க வேண்டியதுதானே," என்றார் மூத்த மனைவி.

"பழசு வேணாம்னு நீயா சொல்ற?" என்றார் இளைய மனைவி.

"ரெண்டு பேரும் சும்மா இருங்க. சாவு வீட்டு வேலையா வந்திருக்கோம்," என்றார் ஆமோவா ஐயா.

இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது கடிகாரம் சைபருக்கு வந்தது. எதுவும் அழியவில்லை. மறுபடியும் ஐந்திலிருந்து ஓட ஆரம்பித்தது. அதை நான் மட்டும் பார்த்தேன். சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது தடவை அது சைபருக்கு வந்தபோது, அமுக்கிவிடு என்று தீர்ப்பாயிற்று. அமுக்கினேன். உடனே மூலையில் வைரஸ் தடுப்பான் இன்னொரு பெட்டி போட்டு, இந்தக் கோப்பு ஆபத்தானது, திறக்காதே என்றது. பெரிய பெட்டியோ, தடுப்பான் அப்படித்தான் சொல்லும், முதலில் அதை அணைத்துவிடு என்றது. குடும்பம் மறுபடியும் உட்கார்ந்தது. முதலில் பேச வந்தவனை முதலில் கேட்பதுதான் முறை, நடுவில் புகுந்தவன் காத்திருக்கட்டும் என்று ஆமோவா ஐயா சொன்னார். தடுப்பானை அணைத்தேன். நீங்களும் கம்ப்யூட்டரைக் கொடுத்தபோது, "அப்டேட் கேட்டா உடனே குடுத்துடணும். அது பசிக்குதுன்னு அழற குழந்தை மாதிரி," என்றுதான் சொன்னீர்கள். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

அதன் பிறகு சூதாட்டப் பக்கங்களும், உடல் இளைக்கவைக்கும் தேநீர் விளம்பரங்களும் வரிசையாகத் திறந்தன. படங்களின் பெயரெல்லாம் புரியாத எழுத்துகளாக மாறின. ஓபெங் ஐயா திறக்கவே இல்லை. பக்கத்துக் கடையில் போன் பழுதுபார்க்கும் தெத்தே அண்ணனைக் கூப்பிட்டோம். யார் அமுக்கியது என்று அவர் கேட்டதும் பதினோரு பேரும் என்னைப் பார்த்தார்கள். பெட்டியில் கடிகாரம் ஏதாவது ஓடியதா என்று அவர் கேட்டார். திரும்பத் திரும்ப ஓடியது என்று காதோடு சொன்னேன். "அடிப்பாவி, பாத்துட்டுமா அமுக்குன?" என்றார். அசல் அப்டேட் பிரவுசரின் சொந்த அமைப்புகளுக்குள்தான் இருக்குமாம். யாரோ ஒருவருடைய பக்கம் நம் பிரவுசரின் வயதைச் சொல்லி, இதை இறக்கிக்கொள் என்று அவசரப்படுத்தினால் அந்தப் பக்கத்தை மூடிவிட வேண்டுமாம். மூட விடாவிட்டால் பிரவுசரையே மூட வேண்டும். எது சொன்னாலும் தடுப்பானை அணைக்கக் கூடாது.

சித்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நம்ம கடைக்குள்ள வணக்கம் சொல்லாம நுழையறவனுக்கு நான் வேலை செஞ்சு குடுத்திருக்கேனா? அந்தப் பெட்டி வணக்கம் சொல்லுச்சா?" என்று கேட்டார். சொல்லவில்லை. "அப்புறம் எதுக்குடி அதுக்கு வேலை செஞ்ச?" என்றார். அதைத் தாளில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன்.

கம்ப்யூட்டரை முழுக்கத் துடைத்தால்தான் பிழைக்கும் என்றார் தெத்தே அண்ணன். ஓபெங் ஐயா மிச்சமிருந்தது பஸ் நிலையச் சுவரில் மட்டும். அந்தச் சுவர் எஸி அக்கா கடைச் சுவர். சித்தியால் கடையை விட்டு வர முடியவில்லை. நான் போனபோது மூன்று பேர் ஓபெங் ஐயா மேல் சாய்ந்து கென்கேயும் பொரித்த மீனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் நகருங்கள் என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. அதில் ஒருவர் முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டார். ஓபெங் ஐயாவின் காது உரிய ஆரம்பித்தது. இரண்டாவது தடவை நான் சொன்னபோது, அவர்கள் நகர்ந்தது மட்டுமில்லை, குமாசிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த பஸ்ஸில் இருந்தவர்களும் இறங்கிவிட்டார்கள்.

எஸி அக்கா அதைக் கேட்டுத்தான் இந்தப் பெண்ணை எனக்குக் கொடுங்கள் என்று உங்களுக்குப் போன் செய்திருக்கிறார். அது என் வழக்கமான குரல் இல்லை மாமா. அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை.

சுவரொட்டியைத் தண்ணீர் தொட்டு முழுசாக உரித்து வந்தேன். புதன்கிழமை ஸ்கேன் செய்தேன். மேகத்தில் மீன் எண்ணெய்க் கறை ஒன்று நீளமாக வளைந்து ஏறியிருந்தது. அதை எடுக்க என்னால் முடியவில்லை. ஆமோவா ஐயா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதாம்மா நான் கேட்ட ரோடு," என்றார். அடக்கம் நல்லபடியாக நடந்தது.

ஆகவே இனி எந்தப் பெட்டிக்கும் பணிய மாட்டேன் என்று உறுதி சொல்கிறேன். கம்ப்யூட்டரையும் என்னையும் இருக்கும் இடத்திலேயே விட்டுவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். அத்தைக்கு என் மரியாதை, பிள்ளைகளுக்கு அன்பு. உங்கள் முழங்காலும் வேனும் வழியில் நிற்காமல் ஓடட்டும்.

கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
துஃபி

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது உங்கள் எண்ணிலிருந்து சித்தியின் போனுக்குச் செய்தி வந்தது. அன்புத் தங்கையே வணக்கம், உன் உடல்நலம் எப்படி, நன்றாகச் சாப்பிடுகிறாயா, உன் போன் பழையதாகிவிட்டது, உடனே இதை அமுக்கி அப்டேட் செய்துகொள் என்று இருந்தது. வணக்கம் சொல்லியிருந்ததால் அமுக்கலாம் என்றுதான் நான் நினைத்தேன். சித்தி என் கையைத் தட்டிவிட்டார். "நாப்பது வருஷத்துல எங்க அண்ணன் ஒரு நாள் நான் சாப்பிட்டேனான்னு கேட்டதில்ல. இது அவன் இல்ல," என்றார். குடும்பக் குழுவில் அறுபத்து மூன்று பேருக்கும் அதே செய்தி போயிருக்கிறது. எஸி அக்காவுக்கும் போயிருக்கிறது, அவர் அமுக்கிவிட்டார். நீங்கள் எதையாவது அமுக்கினீர்களா என்று தெத்தே அண்ணன் கேட்கச் சொன்னார். இந்த நிலைமையில் கம்ப்யூட்டரைத் தேமாவுக்கு அனுப்புவது அதன் உடம்புக்கு நல்லதில்லை என்கிறார். உங்கள் போனை இந்த வழியாக வரும் குமாசி பஸ்ஸில் கொடுத்து அனுப்புங்கள் மாமா, இங்கே துடைத்துத் தருகிறோம். அதை எஸி அக்கா கடைக்கு அனுப்ப மாட்டோம்.