நரி வால் வைத்த கொயோட்டி

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றைக்கு, பஸ் கொட்டகையில் கேக் வெட்டிய கையோடு, ஆர்விட் ஹாகன் ஒரு சபதம் எடுத்தார். உயிர் உள்ளவரை இனிச் சூரியன் எழுந்த பிறகுதான் தான் எழுவது. காலமெல்லாம் பள்ளிக்கூட பஸ் ஓட்டிய மனிதர். அமெரிக்காவின் வடக்கே, மின்னசோட்டாக் குளிரில், இருட்டோடு எழுந்து, பஸ் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டி, ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்ப் பள்ளி வாசலில் இறக்கியவர். தூங்காமல் விட்ட தூக்கமெல்லாம் கண்ணுக்குள் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. சபதத்தைக் கேட்ட எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆனால் பிஷப்பிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிஷப் என்பவர் ஒரு சேவல். ஆர்விட்டின் மனைவி சோல்வெய் அம்மாள் குஞ்சிலிருந்து கையில் வைத்து வளர்த்தது. மார்பை நிமிர்த்திக்கொண்டு, ஊரையே ஆசீர்வதிக்கிற தோரணையில் நடப்பதால் அந்தப் பெயர். கண்காட்சியில் முதல் பரிசான நீல ரிப்பன் வாங்கியவர். வானத்தில் வெளிச்சத்தின் வாடையே இல்லாத நேரத்தில் அவருடைய முதல் கூவல் கிளம்பும். நேராகப் படுக்கையறை ஜன்னலுக்குத்தான் வரும்.

"சோல்வெய், அதோட வாயைக் கட்ட முடியாதா?"

"யாரோட வாயை?"

"சேவலோட வாயை."

"கல்யாணமான நாள்லேர்ந்து உன் குறட்டையைக் கேட்டுட்டிருக்கேன். உன் வாயை நான் கட்டினேனா?"

"நான் தூக்கத்துல விடறேன்மா. எனக்கே தெரியாது."

"அவர் முழிச்சிருந்து பண்றார். பொறுப்போட பண்றார். அதான் வித்தியாசம்."

சேவலுக்கு 'அவர்'. தனக்கு 'நீ'. அந்த நிமிஷமே ஆர்விட் முடிவு செய்துவிட்டார். இந்த வீட்டில் ஒன்று பிஷப் இருக்க வேண்டும், இல்லை தூக்கம் இருக்க வேண்டும்.

சோல்வெய் அம்மாள் தேவாலயத்தில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து ஒட்டுப்போர்வை தைக்கப் போகிற நாள் வந்தது. கார் திரும்பி மறைந்ததுதான் தாமதம், ஆர்விட் பிஷப்பை ஒரு கூடையில் போட்டு மூடி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற லாயிடின் பண்ணைக்குக் கொண்டு போனார். லாயிட் தனிக்கட்டை. பேச்சு என்றால் கசப்பு மருந்து. எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார், ஏன் என்று கேட்க மாட்டார். ஊரிலேயே அப்படி ஒருவர்தான்.

"யார்கிட்டயும் சொல்லிடாதே லாயிட்."

"ம்," என்றார் லாயிட். அவரைப் பொறுத்தவரை அதுவே நீண்ட பேச்சு.

திரும்பும் வழியில் ஆர்விட் துக்க வீட்டு முகம் ஒன்றைப் பழகிக்கொண்டார். பஸ்ஸின் பக்கக் கண்ணாடியைப் பார்த்துப் பழகியவர் ஆகையால், வண்டிக் கண்ணாடியில் பார்க்க அந்த முகம் திருப்தியாகவே இருந்தது.

சாயந்திரம் சோல்வெய் அம்மாள் மக்காச்சோளக் கிண்ணத்தோடு கோழிக்கூண்டுக்குப் போனார். வெறுங்கிண்ணத்தோடு திரும்பி வந்தார்.

"ஆர்விட், பிஷப் எங்கே?"

"முதல்ல உக்காரு சோல்வெய்."

"உக்கார மாட்டேன். எங்கே அவர்?"

"கொயோட்டி," என்று சொல்லி ஆர்விட் தலையைத் தொங்கப் போட்டார்.

கொயோட்டி என்பது ஓநாய்க்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி. அந்தப் பக்கத்துச் சோளக்கொல்லைகளில் அதுவும் உண்டு, சிவந்த நிற நரியும் உண்டு. கோழி வளர்க்கிறவர்கள் இரண்டையும் வயல் வரப்பில் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்லிவிடுவார்கள். ஆர்விட்டுக்கு ஆயுள் முழுக்கப் பார்வை சாலைமேல். குறுக்கே எது ஓடினாலும் பிரேக் போடுவார், இறங்கி விசாரிக்க மாட்டார். சோல்வெய் அம்மாளோ ஆட்டுப்பட்டி வைத்திருந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர்.

"நீ பாத்தியா?"

"இந்த ரெண்டு கண்ணால பாத்தேன். சமையல்கட்டு ஜன்னல் வழியா."

"எவ்ளோ பெருசு?"

"பெரிய நாய் உசரம். நீளக் காலு. சாம்பல் நிறம். பிஷப்பைக் கவ்விக்கிட்டு ஒரே தாவு, வேலிக்கு அந்தாண்டை போயிருச்சு."

இதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பார். ஆனால் மனிதருக்கு விவரம் சொல்வதில் ருசி கண்டுவிட்டது.

"கால்ல ஏதாவது அடையாளம்?"

"ஆமா ஆமா. முட்டிவரைக்கும் கறுப்பு. கறுப்புக் காலுறை மாட்டின மாதிரி."

"ஓகோ. வாலு?"

"வாலா! அதை ஏன் கேக்கறே! புசுபுசுன்னு, உடம்பு தண்டிக்கு இருந்துச்சு. ஓடறப்ப பின்னாடி நேரா நீட்டிக்கிட்டே போச்சு. நுனி மட்டும் வெள்ளை. பால்ல தோச்செடுத்த மாதிரி."

"வெள்ளையா?"

"வெள்ளைவெளேர்னு."

சோல்வெய் அம்மாள் கணவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

"பாவம்," என்றார்.

யாரைச் சொன்னார் என்று ஆர்விட் யோசிக்கவில்லை. மனைவி கண்ணைத் துடைத்ததைப் பார்த்து நெஞ்சைப் பிசைந்தது என்னவோ உண்மைதான். ஆனாலும் போய்ப் படுத்தவர் தூங்கினார் பாருங்கள், அப்படியொரு தூக்கம்! காலையில் திரைச்சீலை முழுக்க வெயில் அடித்த பிறகுதான் கண்ணைத் திறந்தார். ஆஹா, இதுவல்லவோ வாழ்க்கை என்று சோம்பல் முறித்துக்கொண்டு படியிறங்கினார்.

கீழே சமையலறை மேஜையில் மூடி போட்ட பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. அந்த ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அக்கம்பக்கத்தார் உருளைக்கிழங்கை மேலே அடுக்கி அடுப்பில் வேகவைத்த ஹாட்டிஷ் என்கிற பண்டத்தைக் கொண்டுவந்து கொடுப்பது வழக்கம். பிஷப்புக்கும் கொண்டுவந்திருந்தார்கள். ஒருத்தர்கூடக் கோழி போட்டுச் சமைக்கவில்லை. மரியாதைக்கு எல்லாம் மீன்.

எதிர்வீட்டு பெர்னிஸ் அம்மாள் கறுப்பு உடுப்போடு வந்திருந்தார். அவருடைய கையளவு நாய் டாலி மடியில் உட்கார்ந்திருந்தது.

கூண்டுக்குப் பக்கத்தில் சோல்வெய் அம்மாள் சின்ன மரச்சிலுவை ஒன்றை நட்டு, நீல ரிப்பனை அதில் கட்டியிருந்தார். "கடைசியாப் பாத்தவன் நீதான். ரெண்டு வார்த்தை சொல்லு," என்றார் கணவரிடம்.

ஆர்விட் தொப்பியைக் கழற்றினார். "நல்லவர்," என்றார். தொண்டையைக் கனைத்தார். "நேரம் தவறாதவர்."

பெர்னிஸ் அம்மாள் விம்மினார். டாலியும் ஊளையிட்டது.

உள்ளே வந்து சாப்பிட உட்கார்ந்ததும் பெர்னிஸ் அம்மாள் ஆரம்பித்தார். "ஆமா ஆர்விட், வால் நுனி வெள்ளைங்கறாங்களே. வெள்ளைன்னா அது நரிதானே? கொயோட்டிக்கு நுனி கறுப்பாச்சே? அது ஓடறப்ப வாலைத் தொங்கவிட்டுக்கிட்டுல்ல ஓடும்?"

ஆர்விட் வாயில் வைத்த மீன் வாயிலேயே நின்றது.

"உசரம் கொயோட்டி உசரம், பெர்னிஸ்," என்று சோல்வெய் அம்மாள் இடையில் புகுந்தார். "நரி பூனையைவிடக் கொஞ்சம்தான் பெருசு."

"கறுப்புக் காலுறை நரிக்குத்தானே?"

"நிறம் கொயோட்டி நிறம்."

"அப்போ எதுதான் வந்துச்சு?"

"ஆர்விட் கண்ணால பாத்துருக்கான். அதை நாம சந்தேகப்படலாமா?" சோல்வெய் அம்மாளின் குரலில் அத்தனை பக்தி. "உடம்பு கொயோட்டி, வாலும் காலும் நரி. அதனால ரெண்டுக்கும் சேர்த்துத்தான் காவல் போடணும்."

ஆர்விட் மீனை விழுங்கினார். மனைவி தனக்காகப் பரிந்து பேசியதில் மனம் குளிர்ந்துபோயிருந்தது. "போட்டுட்டாப் போச்சு," என்றார் தாராளமாக.

"கொயோட்டி தாவும். வேலியை உன் தலைக்கு மேல உசத்தணும். மேல உருளுற குழாய் மாட்டணும், பிடிச்சா வழுக்கி விழற மாதிரி."

"ம்..."

"நரி தோண்டும். சுத்திப் பள்ளம் வெட்டிக் கம்பிவலையைப் புதைக்கணும். நரி ஏறவும் ஏறும், மேலேயும் வலை போடணும். அத்தனையும் பூமி உறையறதுக்குள்ள."

"சோல்வெய், என் இடுப்பு..."

"மத்தக் கோழிங்க என்ன பாவம் பண்ணுச்சு ஆர்விட்? டாலி என்ன பாவம் பண்ணுச்சு?"

பெர்னிஸ் அம்மாள் டாலியை இறுக்கிக்கொண்டு ஆர்விட்டைப் பார்த்தார். டாலியும் பார்த்தது.

"வேலி முடியறவரைக்கும் வேற வழி இல்ல," என்று சோல்வெய் அம்மாள் முடித்தார். "கொயோட்டி விடியறதுக்கு முன்னாடிதான் சுத்தும். மனுசச் சத்தம் கேட்டாத்தான் ஒதுங்கும். தெனம் அந்த நேரத்துக்கு ஒரு ஆள் வெளிய நின்னு, பாத்திரத்தைத் தட்டிக் கத்தணும்."

"எந்த ஆளு?"

பெர்னிஸ் அம்மாள் இன்னும் கொஞ்சம் மீன் போட்டுக்கொண்டார்.

மறுநாளிலிருந்து ஆர்விட் இருட்டோடு எழுந்தார். இரவு உடுப்புக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு, சூப் வைக்கிற பெரிய பாத்திரத்தையும் மரக்கரண்டியையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவார். டங்கு டங்கென்று தட்டி, "ஏய்! போ! ஓடிப் போ!" என்று நாலு திசைக்கும் கத்துவார். கத்தி முடித்தால் தூக்கம் எங்கே வரும்? மண்வெட்டியை எடுத்துப் பள்ளம் வெட்டுவார். கையெல்லாம் கொப்புளம். இடுப்பு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். மேப்பிள் மரங்கள் சிவந்து, உதிர்ந்து, மொட்டையாகியும் வேலி வளர்ந்துகொண்டே இருந்தது.

"என்ன ஆர்விட், இன்னைக்குக் கொஞ்சம் லேட்டு போல?" என்று ஒருநாள் பெர்னிஸ் அம்மாள் ஜன்னலைத் திறந்து கேட்டார். "உன் சத்தத்தை வெச்சுத்தான் நான் காப்பி போடறேன். பிஷப் ஒருநாள் லேட்டானதில்ல."

அன்றைக்கு ஆர்விட்டுக்கு அழுகையே வந்துவிட்டது. சேவலை விரட்டிவிட்டுச் சேவல் வேலையை நாம் பார்க்கிறோமே என்று முதல்முறையாக உறைத்தது. பாத்திரத்தை வண்டியில் எறிந்துவிட்டு நேரே லாயிடின் பண்ணைக்குப் போனார். பிஷப்பைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடலாம். எப்படியோ தப்பித்து வந்துவிட்டார், கடவுள் கிருபை என்று சொல்லிவிடலாம்.

பண்ணையில் பிஷப் கொழுகொழுவென்று நடமாடிக்கொண்டிருந்தார். லாயிட் வாசலில் உட்கார்ந்து, மாவுக்குள் ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரம் ஒன்றைத் தின்றுகொண்டிருந்தார். அந்தப் பலகாரத்தின் ஓரத்தில் இருந்த மடிப்பு ஆர்விட்டுக்குத் தன் வீட்டில் நன்றாகப் பழகிய மடிப்பு.

"லாயிட், சேவலைக் குடு."

"வேலி முடிஞ்சுதா?"

"கிழக்குப் பக்கம் மட்டும் பாக்கி... உனக்கு எப்படி வேலி தெரியும்?"

லாயிட் வாயில் இருந்ததை மென்று முடித்தார். "கிழக்குப் பக்கமும் முடிச்சுட்டு வா. எனக்கு அப்படித்தான் உத்தரவு."

"யார் உத்தரவு?"

லாயிட் பலகாரத்தைக் கரண்டியால் காட்டினார்.

"நீ சொல்லிட்டியா! ஊரிலேயே உன்னை ஒருத்தனைத்தானேடா நம்பினேன்!"

"நான் ஒன்னும் சொல்லல," என்றார் லாயிட் வருத்தத்தோடு. "நீ விட்டுட்டுப் போன அன்னைக்கே உன் வீட்டுலேர்ந்து போன் வந்துச்சு. எடுத்து 'ம்'னேன். பின்னாடி நின்னு அவர்தான் கூவிட்டார்."

ஆர்விட் வீட்டுக்குத் திரும்பி, கோட்டைக்கூடக் கழற்றாமல் கிழக்குப் பக்கம் பள்ளம் வெட்டினார். சோல்வெய் அம்மாள் ஜன்னலிலிருந்து பார்த்தார்.

கடைசி ஆணி அடித்த அன்று இரவுச் சாப்பாட்டில், உப்பை எடு என்கிற மாதிரி சோல்வெய் அம்மாள் சொன்னார்: "நாளைக்கு லாயிட் வீட்டுக்குப் போய் பிஷப்பைக் கூட்டிட்டு வந்துரு."

"சரி."

"எந்த பிஷப்னு கேக்கலையா?"

"இல்ல." ஆர்விட் உருளைக்கிழங்கைக் கிளறினார். "வாலுலதானே மாட்டிக்கிட்டேன்?"

"காலுலயே மாட்டிக்கிட்டே. வாலு சும்மா உன் வாயால கேக்கணும்னு ஆசை." சோல்வெய் அம்மாள் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். "எத்தனை வருஷமாச் சொல்றேன், அந்த வேலியைக் கொஞ்சம் கட்டிக்குடுன்னு. நல்லாக் கட்டியிருக்கே ஆர்விட்."

பிஷப் வந்தார். வந்த மறுநாளே இருட்டில் கூவினார். ஆர்விட் எழுந்துவிட்டார், இப்போது உடம்புக்கே அது பழகிவிட்டது. காப்பிக் கோப்பையோடு சமையல்கட்டு ஜன்னலில் நின்றார். முதல் பனி விழுந்து வெளியே எல்லாம் வெளுத்திருந்தது. பாத்திரத்தைத் தட்ட வேண்டாம் என்கிற நினைப்பே இனித்தது. நாளையிலிருந்து காதில் பஞ்சை அடைத்துக்கொண்டால் சபதத்தை மறுபடி தொடங்கலாம் என்று கணக்குப் போட்டார்.

அப்போதுதான் அது சோளக்கொல்லையிலிருந்து வந்தது. நீளக் கால். சாம்பல் நிறம். காலில் காலுறை இல்லை. வால் கீழே தொங்கியது, நுனி கறுப்பு. எதிர்வீட்டுப் பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றது. ஆர்விட்டுக்குத் துளி சந்தேகம் இல்லை. ஆயுளில் முதல்முறையாகப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் மற்றது எல்லாம் மறந்து, படிகளில் தடதடவென்று ஏறி ஓடினார்.

"சோல்வெய்! சோல்வெய்! கொயோட்டி!"

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "வாலு?"

"தொங்குது! நுனி கறுப்பு! சத்தியமா கறுப்பு!"

சோல்வெய் அம்மாள் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"அப்போ இது நெசம். வேலி பிஷப்புக்குத்தான் இருக்கு, டாலிக்கு இல்ல. பூமி உறைஞ்சாச்சு, இனிப் பள்ளம் வெட்ட முடியாது. வசந்தம் வர்றவரைக்கும் பாத்திரத்தை ஆணியில மாட்டிடாதே," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தவர், சூரியன் எழுந்த பிறகுதான் எழுந்தார்.