நீல நோட்டில் ஒன்பதாவது பதிவு

பொருள்: இந்தப் பருவத்துப் புதிய அனிமே தொடர்கள் – முதல் எபிசோடு பார்த்த அறிக்கை – அனுப்புதல் – தொடர்பாக.

பார்வை: நீ கதவை அறைந்து சாத்திவிட்டுப் போன நாள்.

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் சுகமாக இருக்கிறாய் என்று, உன் அம்மா பக்கத்து அறையில் உன்னோடு போனில் பேசிச் சிரிக்கும் சத்தத்தை வைத்து முடிவு செய்திருக்கிறேன். உன் வீட்டில் உள்ள மற்றவரும் சுகமாக இருக்கட்டும். 'மற்றவர்' என்று எழுதியதற்குக் கோபித்துக்கொள்ளாதே. மூன்று தாளைக் கிழித்துப் போட்ட பிறகு அகப்பட்ட சொல் அது. நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். இதையும் நீ கிழிக்கலாம், ஆனால் கிழிப்பதற்கு முன் ஒரு வரியாவது படித்துவிடுவாய். அந்த ஒரு வரி எதுவாக இருந்தாலும், அதில் அப்பா வருத்தத்தோடு இருக்கிறேன் என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் அறிக்கை என்றால் முன்னுரை இல்லாமல் எனக்குக் கை ஓடாது. முப்பத்தோரு வருஷம் அடுத்தவர் ஓட்டும் வண்டியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, லைசென்ஸ் கொடுக்கலாமா கூடாதா என்று சொல்வதுதான் என் உத்தியோகம். இரண்டாவது கியருக்குப் போவதற்குள் எனக்கு ஆள் பிடிபட்டுவிடும். ஓய்வு பெற்ற பிறகு பக்கத்து சீட்டும் போனது, ஃபெயில் ஆக்க ஆளும் இல்லை. வீட்டில் மிக்ஸியையும் மின்விசிறியையும் குறை சொல்லிக்கொண்டு நான் சுற்றிச் சுற்றி வந்தபோது, நீதான் என்னைப் பிடித்து சோபாவில் உட்கார வைத்தாய். "அப்பா, மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஜப்பான்ல புதுசு புதுசா கார்ட்டூன் தொடர் ஆரம்பிப்பாங்க. எல்லாத்துலயும் முதல் எபிசோடு பார்ப்போம். எது தேறும், எது தேறாதுன்னு நீங்க சொல்லுங்க" என்றாய். போன உத்தியோகம் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. அன்றைக்கே நீல அட்டை நோட்டு வாங்கி, வரிசை எண், பெயர், நிமிடம், முடிவு, காரணம் என்று கட்டம் கட்டினேன். நான்கு வருஷம், பதினாறு பருவம். "மூணு எபிசோடாவது பார்த்துட்டு முடிவு பண்ணுங்கப்பா, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்று நீ ஒவ்வொரு பருவமும் சொல்வாய். "மூணு தடவை இடிக்கட்டும்னு நான் சீட்ல உட்கார்ந்து காத்திருக்க முடியுமா?" என்று நான் ஒவ்வொரு பருவமும் கேட்பேன். இப்போது அந்தச் சண்டைக்கும் ஆள் இல்லை.

நீ போனதும் டிவியில் நாம் தொடர் பார்க்கிற உன் கணக்கும் நின்றுவிட்டது. பாஸ்வேர்டை நீ மாற்றிவிட்டதாக உன் அம்மா சொன்னாள். மாற்றத்தான் வேண்டும், நான் குறை சொல்லவில்லை. மூன்று பருவம் நோட்டில் ஒரு எழுத்தும் ஏறவில்லை. ஐந்து வாரத்துக்கு முன் ஒரு நாள் உன் அம்மா, "நானே என்னமோ நோண்டினேன், வந்துடுச்சு" என்று ரிமோட்டை என் கையில் கொடுத்தாள். மிக்ஸி மூடியையே என்னைத் திறக்கச் சொல்லும் மனுஷி இதை எப்படிச் சாதித்தாள் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் மறுபடி நின்றுவிடுமோ என்று பயம். திறந்தால் திரையில் 'அப்பா' என்று ஒரு பெட்டி, அதன்மேல் ஒரு சாம்பல் நிறக் காரின் படம். நம் காரும் அதே நிறம்தான். இயந்திரத்துக்குக்கூட மரியாதை தெரிகிறது பார். உள்ளே போனால் நான் பார்க்க வேண்டிய தொடர்களின் பட்டியல் தயாராக இருக்கிறது. பேய் வருவது ஒன்றும் கிடையாது, சாப்பாட்டு வேளையில் ரத்தம் கிடையாது. நாற்பது தொடரில் எனக்கு ஒத்து வருகிற எட்டைப் பொறுக்கி எடுத்து வைத்திருக்கிறது. வாராவாரம் அதில் ஒன்று கூடும் அல்லது குறையும். பார்த்த மாத்திரத்தில் என்னைப் புரிந்துகொண்டது இந்த உலகத்தில் இந்த இயந்திரம் ஒன்றுதான். இன்னொரு நல்ல செய்தி, என் கண்பார்வை திரும்பிவிட்டது. திரைக்குக் கீழே ஓடும் எழுத்தை முன்பெல்லாம் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் படிப்பேனே, இப்போது சோபாவில் சாய்ந்தபடியே பளிச்சென்று படிக்கிறேன். காலையில் நாற்பது நிமிடம் நடப்பதன் பலன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பொறாமை.

இனி அறிக்கை. முதல் தொடரில், ஆரம்பித்து ஒரு நிமிடம் ஆவதற்குள் கதாநாயகன் லாரியில் அடிபட்டுச் செத்து, வேறொரு உலகத்தில் கோட்டைக் கதவின் தாழ்ப்பாளாகப் பிறக்கிறான். அவன் தாழ்ப்பாளாகப் பிறந்ததை நான் ஆட்சேபிக்கவில்லை, அது அவன் விதி. ஆனால் லாரிக்காரன் ஹாரன் அடிக்கவில்லை, பிரேக்கில் கால் வைக்கவில்லை, இறங்கிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது தொடரிலும் அதே ஜாடையில் ஒரு லாரி, ஐந்தாவதிலும் ஒரு லாரி. அந்த ஊரில் இவர்களுக்கெல்லாம் யார் லைசென்ஸ் கொடுத்தது என்று நான் சத்தம் போட்டதில் மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்து, "என்ன சார், வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். நடந்ததை விளக்கினேன். அவர் உன் அம்மாவைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது தொடரில் பதினான்கு வயதுப் பிள்ளை எட்டு மாடி உயர இரும்பு மனிதனுக்குள் ஏறி உட்கார்ந்து, ஒரு நாள்கூடப் பயிற்சி இல்லாமல், கண்ணாடி பார்க்காமல் ரிவர்ஸ் எடுக்கிறான். பின்னால் ஒரு பாலமே போச்சு. எல்லாரும் கைதட்டுகிறார்கள். தேறவில்லை என்று நான் எழுதும்போது பேனா தாளைக் கிழித்துவிட்டது. நான்காவதில் பள்ளிக்கூடப் பெண்கள் ஐந்து பேர் குடை ரிப்பேர் சங்கம் நடத்துகிறார்கள். ஒரு குடைக்கு மூன்று கம்பி மாற்றுகிறார்கள், எபிசோடு முடிந்துவிடுகிறது. பாதுகாப்பானது, யாருக்கும் காயம் இல்லை. தேறியது.

ஆறாவதைப் பற்றித்தான் கொஞ்சம் விவரமாக எழுத வேண்டும், ஏனென்றால் அதில் என் மானம் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு ஆற்றங்கரை, ஒரு படகுத்துறை, அங்கே தனியாக இருக்கிற ஒரு பெண். முதல் எபிசோடு முழுக்க அவள் தண்ணீர் கொதிக்க வைக்கிறாள், கயிற்றைச் சுற்றி வைக்கிறாள், அக்கரையைப் பார்க்கிறாள். யாரும் வரவில்லை. தேறவில்லை, காரணம் வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை என்று எழுதி நோட்டை மூடினேன். உன் அம்மாவோ, "எனக்குப் பிடிச்சிருக்கு, நான் பார்ப்பேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். நான் போட்ட தீர்ப்பை நானே மீறி அவள் பக்கத்தில் போய் உட்கார முடியுமா? அதனால் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன். இரண்டாவது எபிசோடுக்கு நான்கு டம்ளர். மூன்றாவதில் அக்கரையிலிருந்து ஒரு கூப்பாடு கேட்டது, ஏழு டம்ளர். நான்காவதில் அவள் சுற்றிச் சுற்றி வைத்தாளே அந்தக் கயிறு, அதை எறிந்துதான் வெள்ளத்தில் போகிற ஒருவனைக் கரைக்கு இழுக்கிறாள். அப்போது நான் குடத்தையே காலி செய்துவிட்டு, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். "கால் வலிக்கும், வந்து உட்காருங்களேன்" என்றாள் உன் அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. "எனக்குத் தாகம்" என்றேன்.

இதை எழுதும்போதுதான் அந்த ஒன்பதாவது பதிவு நெஞ்சில் குத்துகிறது. போன வருஷம் இதே பருவத்தில் எட்டுத் தொடர் பார்த்து முடித்திருந்தோம். ஒன்பதாவதைப் போட இருந்த நேரத்தில்தான், கட்டிக்கொள்ளப் போகிறவர் என்று நீ அவரை அழைத்து வந்தாய். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை என்றாய். அவர் வணக்கம் சொன்னார், உட்கார்ந்தார், நான் திரையைப் பார்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னை ஒரு வார்த்தை கேட்காமல் மேசைமேல் இருந்த என் ரிமோட்டை எடுத்து எதையோ அழுத்த ஆரம்பித்தார். முப்பத்தோரு வருஷத்தில், நான் சொல்லுமுன் வண்டியை எடுத்த எவனையும் நான் பாஸ் ஆக்கியதில்லை. ரிமோட்டை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். அவர் "மன்னிச்சுக்குங்க" என்று சொன்னார். அவர் கிளம்பியதும், கை பழகிய தோஷம், நோட்டை எடுத்து எழுதிவிட்டேன்: '9. கண்ணாடிக் கடைக்காரர். 23 நிமிடம். தேறவில்லை. சொல்லுமுன் எடுத்தார்.' மறுநாள் ஒன்பதாவதாக என்ன போட்டிருக்கிறேன் என்று பார்க்க நீ நோட்டைத் திறந்தாய். "ஒரு மனுஷனைப் போய் நோட்ல எழுதுவீங்களாப்பா?" என்று நீ கேட்டது இன்னும் இந்த வீட்டிலேயே இருக்கிறது. அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நானோ, "எழுதினது எழுதினதுதான்" என்றேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. எட்டு மாதத்துக்கு முன் உன் கல்யாணப் பதிவுக்கு நான் வரமாட்டேன் என்று சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா டாக்சியில் போய்ப் பத்து நிமிடம் ஆனதும் காரை எடுத்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்கு வந்தேன். எதிர்ப்புறத்தில் நிறுத்தினேன். இறங்கலாம் என்று கதவில் கை வைத்தேன், பிறகு எடுத்தேன். இப்படியே ஒன்றரை மணி நேரம். போக்குவரத்துக் காவலர் ஒருவர் வந்து, இங்கே வண்டி நிறுத்தக்கூடாது என்று குனிந்தவர், "சார், நீங்களா? என்னை முதல் தடவை ஃபெயில் பண்ணீங்களே, ரெண்டாவது தடவை நீங்களே பாஸ் போட்டீங்க" என்று சந்தோஷமாகக் கைகொடுத்துவிட்டு, அபராதச் சீட்டை எழுதிக் கண்ணாடியில் சொருகிவிட்டுப் போனார். என் வாழ்க்கையில் நான் வாங்கிய முதல் சீட்டு அது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது நீங்கள் வெளியே வந்தீர்கள். நீ சிரித்துக்கொண்டிருந்தாய். கதை முழுவதையும் விட்டுவிட்டு, பெயர் ஓடுகிற கடைசி நிமிடத்தை மட்டும் பார்த்த மாதிரி ஆகிவிட்டது எனக்கு. வீட்டுக்கு வந்து, டயருக்குக் காற்றடிக்கப் போனேன் என்று சொன்னேன்.

ஆகவே நான் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், அவசரப்பட்டது என் பிழைதான். ஆனால் ஒரே ஒரு எபிசோடு பார்த்த ஆளை நல்லவர் என்றும் நான் எழுதிவிட முடியாது, அதுவும் அவசரம்தானே. ஃபெயிலானவர் முப்பது நாள் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று எங்கள் ஆபீசில் விதி உண்டு. உன்னவர் விண்ணப்பித்தால் பரிசீலிக்கத் தயாராக இருக்கிறேன். விண்ணப்பிக்காவிட்டாலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. கண் தெரிகிறது, இயந்திரம் கவனித்துக்கொள்கிறது, யார் தயவும் எனக்கு வேண்டியதில்லை. நீ மட்டும் வந்து போனால் போதும். வேளைக்குச் சாப்பிடு, வண்டியில் போகும்போது பெல்ட் போடு. நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் பிழை பார்க்க வேண்டும் என்று உன் அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள். பதிவு அலுவலகம் வந்ததும் கத்தி நின்றுவிட்டது. "இதை நீங்களா எப்ப சொல்லுவீங்கன்னு எட்டு மாசமா காத்துக்கிட்டிருக்கேன். அன்னிக்கே உங்க காரை அவர் பார்த்துட்டார். கல்யாண நாள் அதுவுமா அவ அழுவாளேன்னு அவகிட்ட சொல்லல. என்கிட்ட மட்டும்தான் சொன்னார்" என்றாள். இவ்வளவும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மிச்சத்தையும் சொன்னாள். நோட்டு வெறுமனே கிடக்கிறது என்று இவள் போனில் அவரிடம் சொல்லியிருக்கிறாள். டிவியில் இருப்பது அவருடைய கணக்கு. 'அப்பா' என்று பெட்டி திறந்து சாம்பல் நிறக் காரை வைத்தவர் அவர். வாராவாரம் அத்தனையிலும் முதல் எபிசோடு பார்த்து, பேயை நீக்கி, ரத்தத்தை நீக்கி, எனக்கு எட்டு எடுத்து வைப்பவரும் அவர்தான். இயந்திரத்துக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாதாம். "அப்ப என் கண்ணு?" என்று கேட்டேன். "உங்க கண்ணு அப்படியேதான் இருக்கு. அன்னிக்கு நீங்க கண்ணைச் சுருக்குறதைப் பார்த்துட்டு எழுத்தைப் பெருசாக்கத்தான் அவர் ரிமோட்டை எடுத்தார். நீங்க பாதியில பிடுங்கிட்டீங்க. அந்த வேலையைத்தான் இப்ப முடிச்சு வச்சிருக்கார்" என்றாள்.

மேலே எழுதியதில் லாரிக்காரர்களைப் பற்றியதைத் தவிர மற்ற எதையும் நம்பாதே. விண்ணப்பம் போட வேண்டியவன் நான்தான், இதையே விண்ணப்பமாக எடுத்துக்கொள்ளச் சொல். இது உனக்கும் தெரியாது என்கிறாள் உன் அம்மா, அதனால் அவரைக் கோபித்துக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை படகுத்துறை ஆறாவது எபிசோடு வருகிறது. மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு வா. ரிமோட்டை மேசைமேல் வைத்திருக்கிறேன். நான் சொல்வதற்கு முன்பே எடுக்கட்டும்.