மாப்பிள்ளை கட்டிய அணை, மாமனார் இழந்த ஆர்டர்

நெருப்பெரிச்சல்,
திருப்பூர்.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை செந்தில்வேல் அவர்களுக்கு, மாமனார் கன்னையன் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் அத்தை சாமியாத்தாள் நலம். நான் நலமில்லை. ஆனாலும் மாப்பிள்ளைக்கு எழுதும்போது நலம் என்றுதான் எழுத வேண்டும் என்று அவள் பக்கத்தில் நின்று சொல்வதால் நானும் நலமே. ஆப்பிரிக்காவில் நீங்களும் என் மகள் சத்யப்பிரியாவும் சுகமாக இருப்பீர்கள். இருக்காமல் என்ன, எங்கள் வயிற்றில் அடித்துவிட்டு! இந்த வரியை அடித்துவிடச் சொல்கிறாள் உங்கள் அத்தை. பேனாவில் எழுதியாயிற்று, அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இதைப் போனிலேயே கேட்டிருப்பேன். போன வாரம் “மாப்ள, உங்களாலதானுங்க” என்று ஆரம்பிப்பதற்குள் அவள் போனைப் பிடுங்கி, “சாப்டீங்களாங்க மாப்ள, அங்க தக்காளி கிலோ என்ன வெலைங்க?” என்று போய்விட்டாள். மாப்பிள்ளையைக் குரல் உயர்த்திக் கேட்கக் கூடாதாம். குரல் இல்லாமல் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

விஷயம் இதுதான். என் குழந்தை உடுப்பு ஆர்டர், நீங்கள் அணை கட்டி, அங்கேயே இன்ஜினியராக இருக்கும் அதே நாட்டுக்குப் போய்விட்டது. நம் கம்பெனி நிற்பதே நம்மிடம் உடுப்பு வாங்கும் அந்த ஒரு ஐரோப்பா பையரை நம்பித்தான் என்று உங்களுக்குத் தெரியும். அவர்களுடைய பெங்களூர் ஆபீஸிலிருந்து ஆஷா என்கிற பெண் சித்திரையில் சோதனைக்கு வந்தது. தையல் பிரிகிறதா, பட்டன் கழல்கிறதா என்று பார்த்த காலமெல்லாம் மலையேறிவிட்டது மாப்பிள்ளை. இப்போது ஊசியை ஓட்டும் கரண்ட் எங்கிருந்து வருகிறது, கரி எரித்ததா, காற்றா, தண்ணீரா என்று கேட்கிறார்கள். நான் சுவிட்சைக் காட்டி, “இங்கிருந்துதானுங்க வருது” என்றேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்தா கரண்ட் போக வேண்டும்? ஜெனரேட்டர் ஒரு தும்மல் தும்மி, கரும்புகையை அதன் முகத்துக்கு நேரே விட்டது. ஒரு மனுசன் அந்த இடத்தில் என்ன செய்வான்? குடும்பப் பெருமையைச் சொல்லித்தான் சமாளிப்பான். நீங்கள் அனுப்பிய போட்டோக்களை எடுத்துக் காட்டினேன். “பாருங்கம்மிணி, எங்க மாப்ள கட்டுன டேமுங்க. பொட்டுப் புகை கெடையாது. ராப்பகலா கரண்டு நிக்கறதே இல்லீங்க. யூனிட்டு வெல கேட்டீங்கன்னா சிரிப்பீங்க!” என்றேன். இப்போது சிரித்தது. “அங்கே கார்மென்ட் கம்பெனி ஏதாவது இருக்கா சார்?” என்றது. “இல்லாம என்னங்க? டேமுக்குப் பக்கத்துலயே கம்பெனிகளுக்குன்னே பெரிய பார்க்குங்க. மாப்ளகிட்டச் சொன்னாப் போதும், நம்பர் வாங்கித் தந்தர்றனுங்க.”

கேட்டேன், நீங்களும் அனுப்பினீர்கள். இங்கேதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. மாமனார் கேட்டால் உடனே அனுப்பிவிடுவதா? “எதுக்குங்க மாமா?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? இன்ஜினியருக்குப் படித்தவருக்கு இந்தச் சின்ன யோசனை வர வேண்டாமா? ஆடியில் பையரிடமிருந்து தபால் வந்தது. அடுத்த சீசன் ஆர்டர் மொத்தமும் அங்கேயாம். சரியான வழி காட்டியதற்கு எனக்கு நன்றியாம். அடியில் பச்சை இலை படம் வேறு!

உங்களைக் கூப்பிட்டுச் சொன்னால் நீங்கள் பாடம் எடுக்கிறீர்கள். “மாமா, வளர்ற நாட்டுக்கு நீர்மின்சாரம்தானுங்க மொதப் படி. கரண்டு வந்தாத் தொழில் வரும், தொழில் வந்தாப் பொண்ணுகளுக்கு வேல வரும், பொகையில்லாம முன்னேறலாமுங்க” என்கிறீர்கள். முன்னேறட்டும், நான் வேண்டாமென்றா சொன்னேன்? அங்கே ஒரு பெண் முதல் சம்பளம் வாங்கினால் எனக்கும் சந்தோசம்தான். ஆனால் நாமும் வளரும் நாடுதானே மாப்பிள்ளை? ஒரு வளரும் நாட்டைக் கைதூக்கிவிட இன்னொரு வளரும் நாட்டின் காலை வாருவதா? அதுவும் சொந்த மாமனாரின் காலை? நீலகிரியில் பைக்காரா ஆற்றில் கரண்ட் எடுத்த பிறகுதான் கோயம்புத்தூரில் மில்லுகள் பெருகின என்று உங்கள் நிச்சயதார்த்தத்தன்று நீங்களே பந்தியில் உட்கார்ந்து விளக்கினீர்கள். அறிவாளி மாப்பிள்ளை என்று உங்கள் இலையில் இன்னொரு ஜிலேபி வைக்கச் சொன்னேன். தண்ணீர் விழுகிற பக்கம் தொழில் ஓடும் என்று அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்!

நேற்று தையல் லைனைப் பார்த்துக்கொள்ளும் ராமுத்தாய் ஆபீஸ் ரூமுக்கு வந்தாள். “ஏன் மொதலாளி, தீவாளிக்கு அப்புறம் வேல உண்டா, இல்லியா? எம் மவளக் காலேசுல சேத்துப்புட்டேன். இல்லன்னா இப்பவே சொல்லிருங்க, வேற எடம் பாக்கணும்ல” என்றாள். தெற்கேயிருந்து வந்து, இந்தக் கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து கூட இருப்பவள்.  டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். அவள் போன பிறகு எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதுவும் உங்கள் அத்தைக்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது, தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே, இந்தக் கடிதம் கண்டதும் வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டு வாருங்கள். வரும்போது அணையை மூடிவிட்டு வர முடிந்தால் இன்னும் நல்லது. ஒரு வார்த்தை கூடக் குறைய இருந்தால் பொறுத்துக்கொள்ளணுமுங்க. உங்கள் மரியாதைக்கு எங்கள் ஊட்டில் என்றைக்கும் குறைச்சல் கிடையாது. இருவரும் நோய்நொடி இல்லாமல், வாயும் வயிறும் குளிர நன்றாக இருக்க வேண்டும். இத்துடன் வரும் பருப்புப் பொடி உங்கள் அத்தை இடித்தது. அதற்கும் என் கோபத்துக்கும் சம்பந்தமில்லை.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்,
கன்னையன்.

பின் குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது ஆஷா போன் செய்தது. அங்கே இந்த வருசம் மழை பொய்த்துவிட்டதாமே! அணையில் தண்ணீர் இறங்கி, பார்க்கில் பாதி நாள் மிஷின் ஓடவில்லையாம். “அந்த ஆர்டரை நீங்களே உடனே ஆரம்பிக்க முடியுமா சார்?” என்றது. “இப்பவே கட்டிங் போட்டர்றனுங்கம்மிணி” என்று சொல்லிவிட்டு, ஓடிப்போய் ராமுத்தாயிடம் சொன்னேன். லைன் முழுக்க ஒரே கூச்சல். எனவே மேலே எழுதியதெல்லாம் இல்லையென்று வைத்துக்கொண்டு, நீங்கள் அங்கேயே இருங்கள், வர வேண்டாம். இப்படி எழுதிக்கொண்டிருக்கும்போதே சத்யா கூப்பிட்டாள். “தண்ணி எறங்கீட்டே போகுதுங்கப்பா. மழ வரலீன்னா உங்க மாப்ளய வேலைய உட்டு நிறுத்தீருவாங்களாட்ட இருக்குதுங்க. அம்மாளச் சாமி கும்புடச் சொல்லுங்கப்பா” என்று அழுகிறாள். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றாள், சொல்லிவிட்டேன். உங்கள் அத்தை கையோடு என்னை மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். “ஆத்தா, எம் மாப்ள ஊர்ல மழயக் கொட்டு” என்று அவள் உரக்கவே வேண்டினாள். நானும் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு அதையேதான் வேண்டினேன் மாப்பிள்ளை, சத்தியமாக. ஷிப்மென்ட் கப்பலேறிய மறுநாளிலிருந்து என்று மட்டும் மெதுவாகச் சேர்த்துக்கொண்டேன்.