ஜாதகம் மாட்டிக்கொண்ட குட்டி லாரி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்புக்கு இறுதி மரியாதை செய்த மனிதர் ஒரே ஒருவர்தான். நான் எடைமேடையில் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்த இரும்பாலையில் அவர் ஸ்கிராப் யார்டு மேஸ்திரி. வருகிற இரும்புக்கெல்லாம் ஜாதகம் சொல்வதால் எங்களுக்கு அவர் ஜாதகம்.

எந்த இரும்பும் இன்னதென்று சொல்லப்படாமல் உலைக்குள் போகக் கூடாது என்பது அவர் சட்டம். "அனாதைப் பொணத்தக்கூட நாலு நாள் வச்சிக்கினு யாரு எவருன்னு தேடறாங்க சார்" என்பார். தெரியாத பொருளென்றால் கூசாமல் புளுகுவார். வளைந்த குழாய் ஒன்றை எளாவூர் செக்போஸ்டின் முதல் தடுப்புக் கம்பம் என்றார். கிணற்றுச் சங்கிலி ஒன்றைக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கப்பலைக் கட்டிப்போட்டது என்று சாதித்தார். 'தெரியாது' என்ற சொல் மட்டும் அவர் வாயில் வந்ததே இல்லை.

ஒரு நாள் லோடில் ஒரு குட்டி லாரி வந்து இறங்கியது. என் நெஞ்சுயரம்தான் இருக்கும். அசல் லாரியின் மூக்கு, மரக் கதவு, பின்னால் பலகை அடித்த தொட்டி, உள்ளே பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின். கம்பெனி முத்திரை எங்கேயும் இல்லை. ஆணியெல்லாம் கையால் அடித்து மடக்கியது. சுதந்திரம் வந்த கொஞ்ச காலத்துக்குள் யாரோ சொல்லிச் செய்த வண்டி என்று ஜாதகம் சொன்னதை நாங்களும் நம்பினோம். அதற்குமேல் வழக்கம்போல் ஆரம்பித்துவிட்டார். சர்க்கஸ் கோமாளி ஓட்டியதாம். பணக்கார வீட்டுப் பிள்ளை விளையாடியது என்றார் வெல்டர் பாபு. எதுவானாலும் சாயங்காலம் உலைக்குப் போய்விட வேண்டும் என்று மேனேஜர் முடித்துவிட்டார்.

கோமாளி எப்படி உட்காருவான் என்று காட்ட ஜாதகம் உள்ளே ஏறினார். ஏறியவர் ஏறியவர்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே இரண்டு முழங்காலும் சிக்கிக்கொண்டன. தொந்தி வேறு தன் பங்குக்கு அடம்பிடித்தது. பாபு கேஸ் கட்டரோடு ஓடி வந்து, ஸ்டியரிங் தண்டை அறுத்தால் ஒரு நிமிஷ வேலை என்றார்.

"வேணும்னா என் கால அறுத்துக்கோ நைனா. வண்டி மேல கை வெக்காத."

சொன்னவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கின் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடிகளைத் தடவினார். கை பட்டுப் பட்டு இரண்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தன.

"இன்னாங்கடா இது. பிரேக்கும் கையில, கிளச்சும் கையில. காலு வெக்க எடமே வுடல."

கேண்டீனிலிருந்து பஜ்ஜி சுட்ட எண்ணெயை வாங்கி ஊற்றி அவரை உருவி எடுத்தோம். எண்ணெய் சொட்டச் சொட்ட நேரே பின்பக்கம் போய்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பலகையெல்லாம் மூட்டை இழுத்த தேய்மானம். எங்கள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"இது வெளாட்டு வண்டி இல்ல சார். காலு இல்லாத ஒரு மனுசன் இதுல லோடு அடிச்சிப் பொழச்சிருக்காரு."

அது யார் என்று மேனேஜர் கேட்டார். பெரியபாளையத்தில் அரிசி மண்டி, ஆரணியில் மாமனார் வீடு என்று ஏதாவது கிளம்பும் என்று நாங்கள் காத்திருந்தோம். ஜாதகம் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"தெரியல சார்."

அவர் அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டது அன்றுதான். மேனேஜர் வண்டியை உலைக்கு அனுப்பாமல் வேப்பமரத்தடியில் ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

ஜாதகம் ஓய்வு பெற்றுவிட்டார். ஆயுத பூஜைக்கு மட்டும் மாலையும் எலுமிச்சம்பழமுமாக வந்துவிடுவார். வருகிற லாரி டிரைவர்களிடமெல்லாம், உங்கள் ஊரில் இப்படி ஒருத்தர் இருந்தாரா என்று விசாரிப்பார். இன்றுவரை தகவல் இல்லை. எனக்கும் இப்போது அந்த ஆலையில் வேலை இல்லை. ஆனாலும் குட்டி லாரியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டு வருஷம் தவறாமல் ஆயுத பூஜையன்று போகிறேன். லாரி எனக்கு எப்போதோ பார்த்துச் சலித்துவிட்டது.